அத்தியாயம் 14 எப்போ, அக்கா?

பலாங்கொடைத் தோட்டங்களில் போனில் கதை எழுதும் பிள்ளைகளும், அவர்களை வாசிக்காத நாமும்

இரத்தினபுரி பஸ் நிலையத்தில், பலாங்கொடை பஸ்ஸில் ஒரு கொரியப் பாடகன் ஏறுகிறான். முகக்கவசம், கண்வரை இறக்கிவிட்ட தொப்பி. ஜன்னலோரம் டியூஷன் முடிந்து வீடு திரும்பும் பதினோராம் தர மாணவி. பெல்மதுளை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அவனுக்குக் குமட்டுகிறது. அவள் பைக்குள் இருந்த பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து, "மோந்து பாருங்க" என்று நீட்டுகிறாள். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வாங்கிக்கொள்கிறான். முதல் அத்தியாயம் அங்கே முடிகிறது.

பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை போனிலேயே எழுதிவரும் தொடர்கதை இது. பாடகன் பிடிஎஸ் குழுவின் ஏழு பேரில் ஒருவன். கதையில் பெயர் வருமுன்பே வாசகர்கள் ஆளைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். பதின்மூன்று அத்தியாயங்கள் வந்தாயிற்று. ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்விதான்: "அடுத்த பார்ட் எப்போ, அக்கா?" கேட்பவர்கள் மட்டக்களப்பிலும் திருச்சியிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். அக்காவுக்கு வயது பதினாறு. அவள் படிக்கும் பாடசாலையில் ஒருவருக்கும் இது தெரியாது. மலையில் இருந்து இறங்கி வரும் அம்மாவுக்கோ, மகள் "எந்நேரமும் போனை நோண்டிக்கிட்டு இருக்கா" என்பது மட்டும் தெரியும்.

அவள் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. அவள் புனைபெயரில் எழுதுகிறாள். அதையும் சொல்லப் போவதில்லை. சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தப் பிள்ளை ஓர் எழுத்தாளர். எழுதுகிற ஒருவருக்கு ஊர் செய்ய வேண்டியதை நாம் இன்னும் அவளுக்குச் செய்யவில்லை.

பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் ஒரு மேடு

தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்குப் போன் வந்தது பாட்டுக் கேட்கவோ கதை எழுதவோ அல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. போன் இல்லாத பிள்ளைக்குப் பாடமும் இல்லை என்றாகிவிட்டபோது, தோட்டை அடகு வைத்துப் போன் வாங்கிய அம்மாமார் எத்தனையோ பேர். வாங்கிய பிறகு சிக்னல் தேடும் வேலை. பொஹிட்டியாவ என்ற கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இணையப் பாடத்துக்காகக் காட்டுக்குள் பாறை ஏறிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பலாங்கொடைத் தோட்டங்களிலும் அதே கதைதான். பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் இருக்கும் மேடு, கோயில் திண்ணை, ஸ்டோருக்கு ஏறும் பாதையில் ஒரு வளைவு என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் சிக்னல் பிடிக்கிற ஓரிடம் உண்டு.

பாடசாலை மறுபடி திறந்தது. போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. 2022இல் பொருளாதாரம் விழுந்து, போன் விலையும் டேட்டா கட்டணமும் ஏறியபோதும் பிள்ளைகள் அதை விடவில்லை. நடுச்சாமத்துக்குப் பிறகு டேட்டா மலிவு, அதற்காகவே கண்விழித்தார்கள். கதை எழுதுவதற்கு டேட்டா தேவையில்லை என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். போனில் குறிப்பெழுதும் பகுதியில் முழு அத்தியாயத்தையும் எழுதி வைத்துக்கொண்டு, மேட்டுக்குப் போய் நின்று ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு வருகிறார்கள். இரவில் அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் ஒரே காம்பராவில் படுத்திருக்க, போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். தனக்கென்று ஒரு மேசையோ கதவோ இல்லாத வீட்டில் அந்தத் திரை மட்டும்தான் அவளுக்கே அவளுக்கான இடம்.

அவர்கள் கதை ஏற்றும் தளங்களில் பெரியது வாட்பேட். 2006இல் கனடாவின் டொரன்டோவில் அலன் லாவ், ஐவன் யுவென் என்ற இருவர் தொடங்கியது. 2021இல் கொரிய நிறுவனமான நேவர் அதை 60 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. தமிழில் பிரதிலிபியும் இருக்கிறது. அது 2014இல் இந்தியாவில் பிறந்தது. வாட்பேட்டில் பந்திக்குப் பந்தி வாசகர் கருத்து எழுதலாம். எலுமிச்சம்பழம் கைமாறும் இடத்தில் ஒருத்தி "ஐயோ" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். இன்னொருத்தி, தன் ஊர் பஸ்ஸில் புளிப்பு மிட்டாய் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறாள். கதையின் எந்த வரியில் வாசகர் நின்றார், எந்த வரியைத் தாண்டிப் போனார் என்பது எழுதியவளுக்கு அன்றிரவே தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த மூத்த எழுத்தாளர்கள் பலர் இப்படியொரு வாசகரை ஆயுள் முழுவதும் தேடினார்கள்.

இப்படி எழுதியவர்களில் உலகம் அறிந்தவர்களும் உண்டு. வேல்ஸ் நாட்டின் பெத் ரீக்கிள்ஸ் தன் 15ஆம் வயதில் 'த கிஸ்ஸிங் பூத்' கதையை வாட்பேட்டில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதினார். 17 வயதில் பெரிய பதிப்பகம் ஒன்று அவரை அழைத்து ஒப்பந்தம் செய்தது. 2018இல் நெட்பிளிக்ஸ் அதைப் படமாக்கியது. அமெரிக்காவின் அன்னா டொட் 2013இல் எழுதிய 'ஆஃப்டர்', வன் டிரெக்ஷன் பாடகர் குழுவின் ஹாரி ஸ்டைல்ஸை நாயகனாக்கிய ரசிகர் கதையாகத்தான் தொடங்கியது. அதுவும் புத்தகமாகி, 2019இல் படமானது. ஆனால் பணமும் படமும் எழுத்துக்கு அளவுகோல் இல்லை. நம் பிள்ளைகளின் கதைகள் படமாக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ரசிகர் கதை என்பது எழுத்தின் வாசலாக இருக்க முடியும் என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறேன்.

தீப்பெட்டி அளவுப் புத்தகங்கள்

அந்த வாசல் மிகப் பழையது. இங்கிலாந்தின் யோக்ஷயரில், காற்றும் மூடுபனியும் தவிர வேறெதுவும் அதிகம் இல்லாத ஹாவர்த் என்ற மேட்டுக் கிராமத்தில் ஒரு பாதிரியார் வீடு. 1826இல் அப்பா மகனுக்கு மரச் சிப்பாய் பொம்மைகள் வாங்கி வந்தார். பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டார்கள். பத்து வயதுச் சார்லட் தன் சிப்பாய்க்கு வைத்த பெயர் வெலிங்டன் பிரபு. வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அந்த மனிதர்தான் அன்றைய இங்கிலாந்தின் பெரிய நட்சத்திரம். சார்லட் அவருடைய தீவிர ரசிகை. அவரையும் அவருடைய பிள்ளைகளையும் பாத்திரங்களாக்கி வருடக்கணக்கில் கதை எழுதினாள். பெரியவர்கள் கண்ணுக்குப் பிடிபடாத பொடி எழுத்தில், தீப்பெட்டி அளவே இருக்கும் புத்தகங்களாகத் தைத்து வைத்தாள். தம்பி தங்கைகள்தான் வாசகர்கள்.

இருபது வயதில் தன் கவிதைகளை அரசவைக் கவிஞர் ராபர்ட் சவுதிக்கு அனுப்பினாள். 1837இல் வந்த பதில், இலக்கியம் பெண்ணுடைய வாழ்க்கைத் தொழிலாக முடியாது, ஆகவும் கூடாது என்று அறிவுரை சொன்னது. பத்து வருடம் கழித்து, 1847இல், கரர் பெல் என்ற புனைபெயரில் அவளுடைய 'ஜேன் ஐயர்' நாவல் வெளிவந்தது.

சார்லட் பிராண்டேவுக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைக்கும் திறமை ஒன்றா என்று எனக்குச் சொல்லத் தெரியாது; பதினாறு வயதில் அதை யாராலும் சொல்ல முடியாது. செய்கிற வேலை ஒன்று. தூரத்தில் இருக்கும் ஒரு புகழ்பெற்ற மனிதரைத் தன் ஊருக்கு அழைத்து வருவது. அவரைத் தன் பஸ்ஸில் ஏற்றுவது. தன் ஊரின் மழையில் நனைய வைப்பது. அப்படிச் செய்யும்போது அவள் உண்மையில் எழுதுவது அந்தப் பஸ்ஸையும் அந்த மழையையும்தான். பலாங்கொடை பஸ்ஸைப் பற்றி அண்மையில் நான் வாசித்த நல்ல பக்கம் அந்தக் கதையில்தான் இருக்கிறது.

உங்கள் அம்மாவும் எழுதினார்

இந்தப் பிள்ளைகளைக் கண்டிக்கும் பெரியவர்கள் இலங்கை வானொலிக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 'இசையும் கதையும்' என்றொரு நிகழ்ச்சி இருந்தது. நேயர் ஒரு கதை எழுதுவார்; இடையிடையே எந்தச் சினிமாப் பாட்டு எங்கே வர வேண்டும் என்றும் அவரே குறித்து அனுப்புவார். அறிவிப்பாளர் கதையை வாசிக்க, பாட்டு ஒலிக்கும். பாட்டை நேசித்து, அந்தப் பாட்டுக்குள் தன் வாழ்க்கையை வைத்து எழுதுவதற்குப் பெயர் ரசிகர் கதை இல்லாமல் வேறென்ன? கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரலைக் கேட்க லயமே வானொலிக்கு முன்னால் கூடியது. 'பொங்கும் பூம்புனல்', 'பாட்டுக்குப் பாட்டு', பிறந்தநாள் வாழ்த்து என்று ஒவ்வொன்றுக்கும் தபாலட்டை போனது. எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்களுக்குத் தோட்டத்துத் திருவிழா மேடைகளில் ஆடாத இளைஞர் குறைவு. 2023இல் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து போன சிறுமி அசானி தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் போட்டியில் பாடியபோது, மலையகம் முழுக்கப் பெரியவர்களும்தான் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார்கள். அது பெருமை என்றால், பிள்ளையின் பிடிஎஸ் மட்டும் எப்படிக் கெட்ட பழக்கமாகும்?

அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் பேனா நண்பர் பகுதியும் வந்தது. பெயர், வயது, முழு முகவரி, பொழுதுபோக்கு: முத்திரை சேகரித்தல், வானொலி கேட்டல், பத்திரிகை வாசித்தல். முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டு முகவரியையே கொடுத்த தலைமுறை நாம்.

ஏன் நட்பு தேடுகிறார்கள்?

சப்ரகமுவ மாகாணத்துத் தமிழர் நிலைமை நுவரெலியாவைப் போன்றதல்ல. அங்கே தமிழ் ஊர் ஊராக இருக்கிறது. இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தோட்டத்தில் ஒரு வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். உயர்தரத்துக்குத் தமிழில் விரும்பிய பாடம் படிக்க வேண்டுமென்றால் தொலைவுப் பாடசாலைக்குப் போக வேண்டும், அல்லது சிங்களத்துக்கு மாற வேண்டும், அல்லது நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்திக்கொண்ட கூட்டாளி கொழும்பில் கடையிலோ கார்மெண்டிலோ வேலைக்குப் போய்விடுகிறாள். புத்தகம் பற்றி, பாட்டு பற்றிப் பேச ஆள் இல்லை.

இந்தத் தனிமைக்கு வரலாறு இருக்கிறது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வாங்கிய ரயிலில் ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் கடல் கடந்து, கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்து பறித்தார்கள். ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதிகள் அதன்பிறகு கடிதத்தில்தான் சந்தித்தார்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் பாய்ந்த வன்முறையும், இரண்டு வருடம் கழித்து வந்த ஜூலைக் கலவரமும், எஞ்சியவர்களில் பலரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. பலாங்கொடைத் தோட்டங்களில் சொந்தமும் சிநேகமும் தூரத்தில் இருப்பது மூன்று தலைமுறைப் பழக்கம். இன்றைய பிள்ளை கோலாலம்பூரில் சிநேகிதி தேடுவதில் எனக்கு வியப்பே இல்லை.

அவளுக்கு ஏன் பிடிஎஸ் என்பதற்கும் காரணம் உண்டு. 2013 ஜூன் 13இல் அறிமுகமானபோது அவர்கள் பெரிய நிறுவனத்தின் செல்லப்பிள்ளைகள் இல்லை. சுகா தேகு நகரத்துக்காரர், ஜேஹோப் குவாங்ஜுக்காரர். தலைநகரில் வளர்ந்த கூட்டம் அல்ல அது. கையில் இருக்கும் காசுக்கு நூடில்ஸ் சாப்பிடுவதா, பஸ்ஸில் போவதா என்று யோசித்த காலத்தைச் சுகா மறைத்ததில்லை. 2018 செப்டம்பர் 24இல் ஐ.நா. சபையில் பேசிய ஆர்எம், நீ எந்த ஊர், என்ன நிறம் என்பதெல்லாம் இருக்கட்டும், உன்னைப் பற்றி நீயே பேசு என்ற பொருளில் இளைஞர்களைக் கேட்டுக்கொண்டார். "தோட்டக்காட்டான்" என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பேச்சு எங்கே போய்த் தைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கட்டாய இராணுவ சேவைக்குப் போனார்கள்; கடைசி ஆள் திரும்பியது 2025 ஜூனில். அந்த இடைவெளியில் ரசிகைகள் காத்திருந்தார்கள், எழுதினார்கள்.

காட்பாடியில் மூன்று பிள்ளைகள்

2024 ஜனவரி தொடக்கத்தில் தமிழ்நாட்டின் கரூர் மாவட்டத்தில் 13 வயது மாணவிகள் மூவர் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். பிடிஎஸ்ஸைப் பார்க்கக் கொரியா போவது திட்டம். கையில் இருந்தது சேமித்த 14,000 இந்திய ரூபா. விசாகப்பட்டினம் போனால் கப்பல் ஏறலாம் என்று நினைத்தார்கள். சென்னை வரை போய், மனம் மாறித் திரும்பும் வழியில் காட்பாடி ரயில் நிலையத்தில் பொலிஸார் அவர்களைக் கண்டுபிடித்துப் பாதுகாப்பாக மீட்டார்கள். செய்தி வந்த நாட்களில் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று பிள்ளைகள் இவ்வளவு பெரிய பயணத்தைத் தங்களுக்குள் பேசித் திட்டமிட்டிருக்கிறார்கள். அதைக் காதில் வாங்கிக்கொள்ள ஒரு பெரியவர் கூட இல்லை. அந்த ஆசையை ஒரு ஆசிரியையிடம் சொல்ல முடிந்திருந்தால், அது வகுப்பறைச் சுவரில் ஒரு கொரிய வரைபடமாக ஆகியிருக்கும்.

ஆபத்து இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. இருக்கிறது, அது வரும் வழியும் தெரிந்ததுதான். முதலில் கதையைப் புகழ்ந்து ஒருவர் எழுதுவார். நானும் ஆர்மிதான் (பிடிஎஸ் ரசிகர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்), உன் வயதுதான் என்பார். பிறகு தனி உரையாடலுக்கு, அங்கிருந்து வேறு செயலிக்கு அழைப்பார். வீட்டில் உன்னை யாருக்கும் புரியவில்லை, எனக்குத்தான் புரிகிறது என்பார். அப்புறம் ஒரு படம் கேட்பார். படம் போனதும் மிரட்டல் தொடங்கும். எழுதுகிற பிள்ளைக்கு இந்த வலை இன்னும் கூர்மையானது, ஏனென்றால் அவளுக்கு மிக வேண்டிய பொருளான வாசிப்பைக் காட்டித்தான் அவளைப் பிடிக்கிறார்கள். வீட்டில் அவளை வாசிக்க ஒருவரும் இல்லாதபோது, வாசிக்கிறேன் என்று வருகிற முதல் ஆளை அவள் நம்புவாள்.

இதற்கு மருந்தாகப் பலர் சொல்வது போனைப் பிடுங்குவது. அவுஸ்திரேலியா 2024 நவம்பரில் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெரிய சமூக ஊடகங்களைத் தடுத்தது. அந்த நாட்டின் தெரு முனைகளில் நூலகம் இருக்கிறது, பாடசாலையில் ஆலோசகர் இருக்கிறார். தடை போட்டாலும் பிள்ளை போய் உட்கார வேறு இடம் உண்டு. தோட்டத்தில் போனைப் பிடுங்கினால் மிஞ்சுவது என்ன? மேலும், பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்தான் மிரட்டப்படும் பிள்ளையின் வாயை அடைக்கிறது. நடந்ததைச் சொன்னால் போன் போகும், கதை போகும், சிநேகிதிகள் போவார்கள். அதனால் அவள் சொல்வதில்லை. எது நடந்தாலும் உன் மேல் குற்றமில்லை, போனைப் பறிக்க மாட்டேன் என்று பெற்றவர் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் முதல் பாதுகாப்பு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைப் பிள்ளையின் போனிலும் உங்கள் போனிலும் இன்றே சேமித்து வையுங்கள்.

ஊர் என்ன செய்யலாம்

அறுபதுகளில் வீரகேசரியும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் சேர்ந்து மலையகச் சிறுகதைப் போட்டிகள் நடத்தின. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்று தொகுப்பாயின. தெளிவத்தை ஜோசப் போன்றவர்கள் அந்தப் போட்டிகளில் பரிசு பெற்று வளர்ந்தவர்கள். தோட்டத்தில் இருந்து எழுதலாம், எழுதினால் யாரோ வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையை அந்தப் போட்டிகள் கொடுத்தன. இன்றைய பாடசாலைப் போட்டிகள் கொடுப்பது தலைப்புகளை மட்டும்: சுற்றாடல், ஒற்றுமை, நூலகத்தின் பயன். பிள்ளை தன் காம்பராவைப் பற்றி, தன் பஸ்ஸைப் பற்றி, தான் நேசிக்கும் பாட்டைப் பற்றி எழுத அங்கே இடமே இல்லை.

நான் வாசித்த அந்தத் தொடர்கதையில் குறைகள் இருக்கின்றன. எழுத்துப் பிழை நிறைய. தமிழ் திடீரென்று ஆங்கில எழுத்துக்கு மாறிவிடுகிறது. நாயகன் எதற்கெடுத்தாலும் அழுகிறான். ஆனால் ஆறாம் அத்தியாயத்தில் ஓரிடம் வருகிறது. பாடகன் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிப் பார்க்கிறான். கயிறு நெற்றியில் அழுத்துகிறது. நாயகியின் அம்மா சிரித்துக்கொண்டே தன் நெற்றியில் இருக்கும் தழும்பைக் காட்டுகிறாள். அவன் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கை ஜாடையில் கேட்கிறான். நாயகி, பதினாறு வருடம் பார்த்த அந்தத் தழும்பை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். இதை எழுதிய கைக்கு இன்னும் தேவைப்படுவது எழுத்துப் பிழை திருத்த ஓர் ஆசிரியர், வாசிக்கக் கொடுக்க நாலு நல்ல புத்தகம், மாதம் ஒருமுறை தன்னைப் போல எழுதும் பிள்ளைகளோடு நேரில் உட்கார ஓரிடம். இவ்வளவுதான்.

பலாங்கொடைப் பகுதித் தமிழ் ஆசிரியர்களே, மாதத்தில் ஒரு பிற்பகல் வகுப்பறையைத் திறந்து வையுங்கள். எழுதும் பிள்ளைகள் வரட்டும். பிடிஎஸ் கதையென்றாலும் வாசிக்கட்டும். ஞாயிறு பத்திரிகை ஆசிரியர்களே, தோட்டத்துப் பதின்ம வயதினருக்குத் தலைப்பு கட்டாயம் இல்லாத ஒரு பக்கம் கொடுங்கள், புனைபெயரை அனுமதியுங்கள், முகவரியை அச்சிடாதீர்கள். பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் படிக்கும் தமிழ் மாணவர்களே, பக்கத்திலேயே இருக்கிறீர்கள். விடுமுறைக்கு ஊர் போகும் முன் ஒரு தோட்டத்துக்கு ஏறிப் பாருங்கள்.

அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. இன்று வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்த பிறகு, மகளிடம் கேளுங்கள்: "என்ன பாப்பா எழுதுற? எனக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டு." அவள் முதலில் ஒன்றுமில்லை என்பாள். நாளைக்கும் கேளுங்கள்.